ஏற்ற நேரம்

மஞ்சள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
சாண்டி கோவ் வளைவில் தொடங்கி டிக்பி வரை
நாற்பத்தொரு பிள்ளைகள்.
என் பிள்ளைகள் இருவரும் அதில் இல்லை.
"ஊருக்கெல்லாம் ரொட்டி சுடுகிறவன் வீட்டில் பட்டினியா, ரெயால்?"
பெட்ரோல் போடும் இடத்தில்கூடக் கேட்கிறார்கள்.
சிரித்துவைக்கிறேன்.
சில நாள் அந்தச் சிரிப்பு வயிற்றுக்குள் போய்க்
கல்லாகக் கிடக்கும்.

ஓடெட்டுக்கு ஒன்பது வயது.
ஏப்ரலில் ஒருநாள், பழைய டிரக்கில் நாங்கள் இருவர் மட்டும்.
சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்:
"ஏழெட்டு எத்தனை?"
சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்,
"உனக்குத் தெரியாதா,
இல்லை, எனக்குத் தெரியுமா என்று பார்க்கிறாயா?"
மீதி ஒன்பது கிலோமீட்டரும்
வைப்பர் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

மே மாதம் அவளைக் கடல் பிடித்துக்கொண்டது.
ஃபண்டி விரிகுடா
வீட்டுக் கூரை உயரம் ஏறும், அதே உயரம் வற்றும்.
சேற்றில் ஒரு குச்சி நட்டாள். குச்சி போயிற்று.
இரும்புக் கம்பி நட்டாள்
(ஒரு வாரமாக நான் தேடிக்கொண்டிருந்த கம்பி).
அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு:
நாளை முதல்
ஏற்றத்தின் உச்சியில்தான் ராச்சாப்பாடு.
நொயெல்லா என்னைப் பார்த்தாள்.
நான் சூப்பைப் பார்த்தேன்.
சரி என்றோம்.

திங்கள், ஆறு மணி.
செவ்வாய், ஆறு ஐம்பது.
புதன் ஏழு நாற்பதுக்கு எனக்குக் கை நடுங்கும் பசி.
வெள்ளி, ஒன்பது இருபது.
ஐந்து வயது ஃபாபியன்
பட்டாணி சூப்பில் தாடையை நனைத்தபடி தூங்கிப்போனான்.
கரண்டியை மட்டும் விடவில்லை.

"ஏன் ஐம்பது நிமிடம்? ஏன் அறுபது இல்லை?"
நிலா, என்றேன்.
"நிலா என்ன செய்கிறது?"
அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை.
மறுநாள் ஆரஞ்சு ஒன்று நிலாவாயிற்று,
ஃபாபியன் பூமியானான்,
சுற்று, சுற்று என்றாள்.
பூமி தலைசுற்றி விழுந்து
நாற்காலிக் காலில் நெற்றி வீங்கியது.
ஆரஞ்சை இருவரும் பங்குபோட்டுத் தின்றார்கள்.

மறு திங்கள், பதினொன்று ஐம்பது.
காலை ஐந்தேகாலுக்கு நான் எழவேண்டும்.
கோட்டுக்கு மேல் கோட்டு, ஒரு டார்ச்,
படகுத்துறைப் பலகையில் ஆறிப்போன மக்ரோனி.
நீர் நின்றது.
ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.
விரல்விட்டு எதையோ எண்ணியவள்
எண்ணுவதைப் பாதியில் நிறுத்தினாள்.
"அப்பா, ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம்.
இன்னொன்று நாளைப் பகலில்,
பன்னிரண்டேகாலுக்கு.
நாம் வெளிச்சத்திலேயே சாப்பிடலாம்."

எனக்குத் தெரியும்.
வாரம் முழுக்க நாக்கு நுனியில் வைத்திருந்தேன்;
மேசைக்கடியில் நொயெல்லாவின் கால்
என் காலை மிதித்துக்கொண்டே இருந்தது.
"தெரிந்தும் சொல்லவில்லையா?" என்றாள் ஓடெட்.
கோபமா அது, என்னவென்று
இருட்டில் முகம் தெரியவில்லை.
என் தட்டிலிருந்த கடைசி மக்ரோனியை எடுத்துத்
தின்றாள்.

ஜூனில் அறிக்கை அனுப்பவேண்டும்.
கணிதம் என்ற கட்டத்தில் மூன்று வரிக்கு இடம்.
'நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் முன்பு சாப்பிட்டோம்'
என்று எழுதினேன்.
நொயெல்லா அடித்துவிட்டு
'நேரம், கூட்டல், அளவைகள்' என்று எழுதினாள்.
பொய்யில்லை.
ஏழெட்டு அவளுக்குத் தெரியுமா, இன்றுவரை தெரியாது.
இரவில் சிலசமயம் விழித்துக்கொண்டு
அதையே நினைக்கிறேன்.

பள்ளி முடிகிற வாரம்.
வளைவில் பேருந்து திரும்பும்போது
வற்றிய சேற்றில் ரப்பர் பூட்ஸ் போட்டு நிற்கிறாள்,
கையில் என் கம்பி.
எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.
"அவள் என்ன பண்ணுகிறாள்?" என்கிறான் டூகல்.
தெரியாது, வேலையாக இருக்கிறாள், என்கிறேன்.
நாற்பத்தொரு பேரும் இடப்பக்கச் சன்னலுக்கு ஓடுகிறார்கள்.
உட்காருங்கள் என்று நான் கத்தவேண்டும்,
அதுதான் விதி.
வேகத்தைக் குறைக்கிறேன்.
வண்டி லேசாகக் கடல் பக்கம்
சாய்கிறது.